இரண்டு ஒக்டோபர் முப்பதுகள்

'இடம்பெயர்ந்தோர்' என்ற சொல்லை நாம் எம்மைக் குறிக்க மட்டுமே பாவித்துப் பழகிவிட்டோம். வலிகாமம் வடக்கில் காணியை விட்டு வந்த குடும்பமும், 1995இல் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த குடும்பமும், வன்னியில் ஊர் ஊராக ஓடிய குடும்பமும் இச்சொல்லைத் தமது பெயரோடு ஒட்டிய இன்னொரு பெயராகச் சுமந்து வந்திருக்கின்றன. இவ்விதழைக் கையில் எடுப்போரில் பெரும்பாலானோர் அப்படிப்பட்ட கமக்காரக் குடும்பங்களே. நானும் அவர்களில் ஒருவன். எனவே எமக்குள் இருந்து பேசும் பேச்சாகவே இதை எழுதுகிறேன். சிலருக்கு இது பிடிக்காமற் போகலாம்.

எனது ஊர் கொழும்புத்துறை. யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், பாசையூருக்கும் அரியாலைக்கும் பக்கத்தில், கடலேரியைப் பார்த்தபடி இருக்கும் ஊர். முன்னைய நாட்களில் இங்கிருந்து பூநகரிக் கரைக்கு வள்ளம் ஓடியது. யோகர் சுவாமி 1964இல் மறையும்வரை இவ்வூரில் ஒரு கொட்டிலில்தான் வாழ்ந்தார். அதற்கு முன்னர் இரணைமடுவில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியம் பார்த்தவர் அவர் என்பது கமக்காரருக்கு உவப்பான செய்தி. குருக்களை உருவாக்கும் புனித சவேரியார் குருமடமும் எமது ஊரிலேயே இருக்கிறது. ஞானத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் என்று நாங்கள் பகிடியாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

அப்படிப்பட்ட ஊரில், எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும்.

கிணற்றடி

1990 ஆனி மாதம் சண்டை மீண்டும் தொடங்கியது. பலாலியைச் சுற்றியிருந்த ஊர்கள் காலியாகின. வசாவிளானில் இருந்து எனது மாமி குடும்பம் உழவு இயந்திரப் பெட்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. செம்மண் தோட்டம், இறைப்பு மிசின், காய்க்கத் தொடங்கியிருந்த முந்திரிகைப் பந்தல் எல்லாவற்றையும் விட்டு வந்தார்கள். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்றே மாமா சொன்னார். அவர் தமது தோட்டத்தை மறுபடி பார்க்காமலே கண்மூடினார்.

மாமி வீட்டாரோடு, அவர்களின் தோட்டத்தில் பரம்பரையாக வேலை செய்த ஒரு குடும்பமும் வந்தது. தாய், தகப்பன், நான்கு பிள்ளைகள். மாமி குடும்பத்துக்கு உள்ளறை கொடுத்தோம். அவர்களுக்கு வேலியோரம் மாட்டுக் கொட்டில். எனது அம்மா கெட்ட மனம் கொண்டவர் அல்லர். அவர்களுக்கும் சேர்த்தே உலை வைத்தார், பிள்ளைகளுக்குப் பழைய உடுப்பு எடுத்துக் கொடுத்தார். ஆனால் அந்தத் தாய் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனபோது, "நில்லு பிள்ளை, நான் அள்ளி ஊத்திறன். நீ வாளியிலை கை வைக்காதை" என்றார். அந்தப் பெண் குடத்தை நீட்டியபடி தள்ளி நின்றாள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கத்தோலிக்க வாலிபர் சங்கத்தில் இருந்தேன். சமத்துவம் பற்றி மேடையில் பேசியும் இருக்கிறேன். கிணற்றடியில் வாய் திறக்கவில்லை. அந்த நாட்களில் பொம்பர் வந்து சுற்றும்போது எல்லோரும் ஒரே பங்கருக்குள் தோளோடு தோள் முட்டித்தான் ஒடுங்கினோம். அங்கே யாரும் தள்ளி நிற்கவில்லை. மூன்றாம் நாள் அந்தக் குடும்பம், பள்ளிக்கூட முகாமில் இருப்பது நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. போன காரணம் எங்களுக்கு விளங்கியது. விளங்காதது போல் இருந்துகொண்டோம்.

இது ஏதோ பழங்காலத்துக் கதை அல்ல. பொது இடங்களில் சாதியைக் காட்டித் தடை செய்வதைக் குற்றமாக்கும் சட்டம் இந்நாட்டில் 1957இல் வந்தது. அதற்கும் முன்னரே, 1920களில், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதி வேற்றுமைக்கு எதிராகப் பேசியது. பள்ளிக்கூடங்களில் சம ஆசனம் கேட்டவர்களுக்குக் கிடைத்த எதிர்ப்பை எங்கள் பாட்டன்மார் கண்டிருக்கிறார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடும்படி கேட்டு நின்றவர்களுக்கு நடந்ததும் தெரியும். அத்தனைக்கும் பிறகு, 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, யாழ்ப்பாண நலன்புரி முகாம்களில் கடைசிவரை தங்கிப்போனவர்களில் பெரும்பான்மையோர் காணியில்லாத, ஒடுக்கப்பட்ட சாதி மக்களே என்று எடுத்துக் காட்டியது. சுற்றியிருந்த ஊர்க் கிணறுகளில் அவர்களைத் தண்ணீர் அள்ள விடாத கதைகளும் அதில் இருந்தன. காணி இருந்தவன் உறவுக்காரன் வீட்டுக்குப் போனான், வாடகைக்குப் போனான், வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பினான். காணி இல்லாதவன் முகாமிலேயே கிடந்தான். இடப்பெயர்வு எல்லோரையும் சமமாக்கியது என்று கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

லொறிக் காக்கா

ஐயா கோப்பாய்ப் பக்கம் குத்தகைக் காணியில் வெங்காயம் செய்தவர். விளைச்சலை வாங்கிக் கொழும்புக்கு லொறியில் அனுப்பியவர் சோனகத் தெருவில் இருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி. எங்கள் வீட்டில் அவருக்கு 'லொறிக் காக்கா' என்றே பெயர். காசு வாங்க என்னைத்தான் சைக்கிளில் அனுப்புவார்கள். அந்த வீட்டு விறாந்தையில் இருந்து நான் குடித்த இஞ்சித் தேத்தண்ணிக்குக் கணக்கில்லை. நோன்புக் காலத்தில் கஞ்சி வரும். நத்தாருக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் அங்கே போகும்.

1990 தை மாதம் அவர் ஐயாவுக்கு மூன்று அந்தர் விதை வெங்காயத்துக்கான முற்பணம் கொடுத்திருந்தார். வேதாளன் வெங்காயம், நல்ல விதை. பயிர் வந்தது. ஆனால் ஆனியில் பாதை அடைபட்டு லொறி நின்றது. வெங்காயம் பாதி பழுதானது, பாதி ஊருக்குள்ளேயே அடிமாட்டு விலைக்குப் போனது. கடன் நின்றது. காக்கா நெருக்கவில்லை. "பாதை திறக்கட்டும், பார்ப்பம்" என்றார்.

பாதை திறக்கும் முன்னர் அவரே போக வேண்டியதாயிற்று. 1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிக்கு அருகே ஜின்னா மைதானத்துக்கு அழைத்தனர். இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று சொல்லப்பட்டது. நகையும் பணமும் சாமானும் வழியில் பறிக்கப்பட்டன. அம்மாதத்தில் சாவகச்சேரி, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று வட மாகாணம் முழுவதிலும் இருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் போய் விழுந்தனர். தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அவர்கள்.

செய்தி கொழும்புத்துறைக்குப் பின்னேரம் வந்தது. ஐயா முற்றத்தில் நின்று நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தக் கடன் இனிக் குடுக்கத் தேவையில்லைப் போல" என்றார். அவர் குரலில் இருந்தது கவலையா ஆறுதலா என்று எனக்கு அன்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்று முடியும். இரண்டும் இருந்தன.

இரண்டு நாள் கழித்துச் சகல புனிதர் திருநாள். மறுநாள் இறந்த விசுவாசிகளின் நாள். சேமக்காலையில் எங்கள் கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். உயிரோடு போனவர்களுக்காக ஒரு செபமும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

பயம் இருந்தது உண்மை. அந்நாட்களில் வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மௌனத்துக்காக யாரையும் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன், என்னையும்கூட. ஆனால் அடுத்து நடந்ததற்குப் பயத்தைச் சாட்டுச் சொல்ல முடியாது.

சில மாதங்களின் பின் முஸ்லிம் வீடுகளின் சாமான்கள் விலைக்கு வந்தன. அலுமாரி, கட்டில், தையல் மிசின், கதவு, நிலை, யன்னல். எங்கள் வீட்டு முன்கதவு செல் பட்டு உடைந்திருந்தது. ஐயாவும் நானும் போய் ஒரு முதிரை மர இரட்டைக் கதவை வாங்கி வண்டிலில் ஏற்றி வந்தோம். விற்றவர் யார் என்பது இங்கு முக்கியமல்ல. வாங்கியது நாங்கள். எவரும் எங்கள் தலையில் துவக்கு வைத்து வாங்கு என்று சொல்லவில்லை. எந்த வீட்டுக் கதவு என்று நாங்கள் கேட்கவும் இல்லை. மலிவு என்று மட்டும் பேசிக்கொண்டு வந்தோம்.

மீசாலை மாமரம்

ஐந்து வருடம் அந்தக் கதவைத் திறந்து மூடினோம். 1995 ஆடி 9ஆம் நாள் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மேல் விமானம் குண்டு போட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தச் செய்தி கேட்ட இரவு அம்மா அந்தக் கதவை இரண்டு தரம் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தார். பிறகு வந்தது 1995 ஒக்டோபர் 30. முஸ்லிம்கள் போன அதே நாள், ஐந்து வருடம் கழித்து. அன்று திங்கட்கிழமை. வலிகாமத்தின் நான்கு ஐந்து இலட்சம் சனம் ஒரே இரவில், மழைக்குள், செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் தாண்டித் தென்மராட்சிக்கு நகர்ந்தது. இங்கும் ஒலிபெருக்கிதான் முதலில் வந்தது. கதவைப் பூட்டித் திறப்பை அம்மா சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

மீசாலையில் ஒரு மாமரத்தின் கீழ் ஒன்பது நாள் இருந்தோம். வீட்டைத் திறந்துவிட்டு, தாங்கள் குசினிக்குள் படுத்த தென்மராட்சிக் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் தீராது. ஆனால் எங்களுக்குப் பக்கத்து வளவுக்காரர் நாலாம் நாள் கிணற்றுப் படலைக்குப் பூட்டுப் போட்டார். அத்தனை சனம் அள்ளினால் கிணறு என்னாகும் என்பது அவர் கவலை. நியாயம்தான். ஆனாலும், வெறுங்குடத்தோடு திரும்பி வந்த அம்மா மரத்தடியில் இருந்துகொண்டு, "வசாவிளான் பிள்ளை எங்கை இருக்குதோ தெரியாது" என்றார். யாரைச் சொன்னார் என்று எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அவ்வளவு காலமும் அவர் அந்தக் கதையை எடுத்ததில்லை.

1996 சித்திரையில் இராணுவம் தென்மராட்சியையும் பிடித்த பின் ஊர் திரும்பினோம். வீடு நின்றது. ஓடு இல்லை, யன்னல் இல்லை, கதவும் இல்லை. நிலையோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அம்மா திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் திட்டத் தொடங்கினேன். ஐயா என்னைப் பார்த்து, "ஏன்ராப்பா, அது எங்கடை கதவோ?" என்றார்.

நாபோத்தின் ஊரவர்

அந்தக் கேள்வியோடுதான் பிறகு நான் விவிலியத்தை வாசிக்கத் தொடங்கினேன். நாபோத்தின் கதை எங்கள் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படும் கதை. அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு கமக்காரனுக்கு முந்திரிகைத் தோட்டம். ஆகாபு அரசன் அதைக் கேட்கிறான். முதுசொம் காணி, தர மாட்டேன் என்கிறான் நாபோத்து. அரசி ஈசபேல் பொய்ச்சாட்சி வைத்து அவனைக் கொல்விக்க, அரசன் காணியில் போய் இறங்குகிறான். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் காணியை இழந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வசாவிளானின் முந்திரிகைப் பந்தலை நினைத்து மாமி இக்கதையைக் கேட்டு அழுதிருக்கிறார்.

ஆனால் அக்கதையில் நாங்கள் வேகமாகத் தாண்டிப் போகும் ஓர் இடம் உண்டு. அரசி நாபோத்தைத் தன் கையால் கொல்லவில்லை. அவனது ஊர்ப் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதுகிறாள். அவர்கள் கடிதத்தில் உள்ளபடியே செய்கிறார்கள். அவனோடு ஒரே சந்தைக்குப் போனவர்கள், ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்கள். பயத்தினால் செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு அவனது வீட்டுக் கதவை யார் வாங்கினார்கள் என்று வேதாகமம் சொல்லவில்லை.

சக்கேயுவின் கதையையும் வேறு விதமாக வாசிக்கப் பழகினேன். மரத்தில் ஏறிய குள்ளன் என்று சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கதை அது. இயேசு அவன் வீட்டுக்குப் போனது பெரிய விடயம்தான். ஆனால் அவன் மனம் வருந்துகிறேன் என்று சொல்லி நிறுத்தவில்லை. கணக்குப் பார்த்தான். எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்றான். விசுவாசத்தில் கணக்குக் கொப்பிக்கும் இடமுண்டு என்பதைத் தோட்டக்காரனாகிய எனக்கு உணர்த்திய பகுதி அது.

இவ்விடத்தில் சிலர் கேட்பார்கள்: கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் செய்ததைப் பற்றி ஏன் பேசுவதில்லை? பேசத்தான் வேண்டும். 1990இல் அங்கு தமிழ் மக்கள் கொல்லப்பட்டதும் ஊரிழந்ததும் உண்மை. அதே ஆண்டு ஆவணி 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டதும் உண்மை. ஆனால் சோனகத் தெருவில் இஞ்சித் தேத்தண்ணி தந்தவர் கிழக்கில் யாரையும் கொல்லவில்லை. ஒருவன் செய்ததற்காக அவனது இனம் முழுவதையும் தண்டிப்பதுதான் 1983 ஆடியில் கொழும்பில் எங்களுக்குச் செய்யப்பட்டது. திருநெல்வேலியில் இராணுவத்தினர் பதின்மூன்று பேர் கொல்லப்பட்டதற்கு வெள்ளவத்தையில் கடை வைத்திருந்தவன் என்ன செய்தான் என்று நாம் நாற்பது வருடமாகக் கேட்டு வருகிறோம். அதே கேள்வியைச் சோனகத் தெருவில் வைத்துக் கேட்கும்போது மட்டும் நாக்குப் பின்வாங்குகிறது.

சட்டமும் பந்தியும்

எமது ஊருக்கும் இந்நாட்டின் சமத்துவச் சட்டத்துக்கும் ஒரு வினோதமான தொடர்பு உண்டு. சுதந்திர இலங்கையின் அரசியலமைப்புக்கு வழி வகுத்த ஆணைக்குழுவின் தலைவர் சோல்பரிப் பிரபு. எந்த ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாகுபாடு காட்டும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்று அந்த அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொல்லியது. அந்தச் சோல்பரிப் பிரபுவின் மகன் பின்னர் கொழும்புத்துறைக் கொட்டிலுக்கு வந்து யோகர் சுவாமியின் காலடியில் அமர்ந்து சாந்தசுவாமி என்று பெயர் பெற்றார். மகன் எங்கள் ஊரில் எதைத் தேடினாரோ, தகப்பனார் எழுதிய பாதுகாப்பு நீடித்து நிற்கவில்லை. 1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 29ஆம் பிரிவு அதைத் தடுக்கவில்லை. 1972 அரசியலமைப்பில் அப்பிரிவே இல்லாமற் போனது.

1948இல் வடக்கில் பலருக்கு மலையகத்தவரின் பிரச்சினை தூரத்துப் பிரச்சினையாகத் தெரிந்தது. இன்று அவர்களுக்கு நடப்பது நாளை எமக்கும் நடக்கும் என்று கண்டவர்களில் கிறிஸ்தவரான எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதன்மையானவர். 1956இல் மொழிச் சட்டம் வந்தபோது அவர் கண்டது சரி என்று விளங்கியது. 1958இலும் 1977இலும் அடிபட்டு வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்களை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பது தனிக் கட்டுரைக்குரிய விடயம். அரிவு வெட்டுக்கும் களை பிடுங்கவும் கூப்பிட்டோம். வாய்க்கால் தண்ணீர் பாயும் காணி அவர்களுக்குக் கிடைத்ததா என்று கேட்டோரில் நான் இல்லை.

தேவாலயமும் இதில் தப்பியதில்லை. தென்னாபிரிக்காவில் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் மன்றம் 1857இல் ஒரு தீர்மானம் எடுத்தது. எல்லோரும் ஒரே பந்தியில் நற்கருணை பெறுவதே வேதத்துக்கு ஏற்றது, ஆயினும் சில வெள்ளையரின் மனப் பலவீனத்தை முன்னிட்டுக் கறுப்பினத்தவருக்கு வேறாக நடத்தலாம் என்பது அதன் கருத்து. அப்படிச் சலுகையாகத் தொடங்கியது 1881இல் தனித் திருச்சபையாயிற்று. 1948இல் நாட்டின் சட்டமாகவே நிறவெறி வந்தபோது அதற்கு வேதாகம ஆதாரம் தேடிக் கொடுத்தவர்களும் அத்திருச்சபையினரே. வேறாக்கப்பட்ட அந்தத் தனித் திருச்சபைதான் 1982இல் பெல்ஹார் என்னும் இடத்தில் விசுவாச அறிக்கை ஒன்றை வரைந்து, 1986இல் ஏற்றுக்கொண்டு, இனத்தின் பெயரால் பிரிப்பது நற்செய்திக்கே விரோதம் என்று அறிவித்தது. 1994இல் ஆட்சி மாறியபோது, 1913இன் பின் நிறத்தின் பெயரால் காணி பறிக்கப்பட்டோர் அதைத் திரும்பக் கோரும் சட்டமும் வந்தது.

சிலரது மனப் பலவீனத்தை முன்னிட்டு என்ற இடத்தை வாசித்தபோது எனக்குக் கேப்டவுன் கண்ணுக்குள் வரவில்லை. எங்கள் கிணற்றடியே வந்தது. அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பார். தமக்கு ஒன்றுமில்லை, பார்க்கிற சனம் ஏதும் சொல்லும் என்று.

காணிக் கணக்கு

2013 சித்திரையில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அரசு அறிவித்தல் ஒட்டியது. ஆயிரக்கணக்கான காணிக்காரர் நீதிமன்றம் போனார்கள். எங்கள் மாமியும் உறுதியைத் தூக்கிக்கொண்டு போனார். பின்வந்த வருடங்களில் பகுதி பகுதியாகக் காணி விடுபட்டது, மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுபட்டது. மாமியின் ஆறு பரப்பும் விடுபட்டது. கிணற்றை மூடியிருந்தார்கள், பந்தல் இருந்த இடத்தில் கொங்கிறீட் தளம். இன்னும் வேலிக்குள்ளேயே காணி இருக்கும் குடும்பங்கள் இவ்விதழின் வாசகர்களில் உண்டு.

நாம் நீதிமன்றத்தில் சொன்ன வாதம் எளிமையானது. நாங்கள் விரும்பிப் போகவில்லை, எத்தனை வருடம் கடந்தாலும் காணி எங்களுடையது என்பதே அது. இடம்பெயர்ந்தோரின் வீட்டையும் காணியையும் மீளக் கொடுப்பது பற்றி ஐக்கிய நாடுகள் 2005இல் கொண்டுவந்த கோட்பாடுகளும் அதையே சொல்கின்றன. இலங்கையிலும் 2016இல் ஒரு சட்டம் வந்தது. பத்து வருடம் தடையின்றி ஆண்டவனுக்கே காணி என்ற பழைய விதி, போர் காரணமாக வர முடியாதிருந்தோருக்கு எதிராகப் பாயக் கூடாது என்பது அதன் நோக்கம். குறுகிய காலத்துக்கே அது நடைமுறையில் இருந்தது, பலர் அறியவும் இல்லை. அச்சட்டம் வசாவிளான்காரருக்கு ஒன்று, சோனகத் தெருக்காரருக்கு ஒன்று என்று இரண்டாக எழுதப்படவில்லை.

2002 சித்திரையில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் புலிகளின் தலைமை முஸ்லிம்களின் வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தது. போர் முடிந்த பின், 2009க்குப் பிறகு, முஸ்லிம் குடும்பங்கள் மெல்ல மெல்ல வரத் தொடங்கின. ஒரு குடும்பமாகப் போனவர்கள் மூன்று நான்கு குடும்பமாக வந்தார்கள். காணி மட்டும் அதே இரண்டு பரப்பு. கூரையில்லாத சுவருக்குள் ஆலமரம் முளைத்து நின்றது. இங்கே பதிந்தால் புத்தளத்தில் உள்ளது போய்விடும், அங்கே இருந்தால் இங்கே வீட்டுத்திட்டம் இல்லை என்ற இழுபறி. எங்களுக்கு நன்கு பழக்கமான இழுபறி.

2010 ஆவணியில் சோனகத் தெருவில் லொறிக் காக்காவைக் கண்டேன். எழுபது தாண்டியிருந்தார். ஐயா அப்போது இல்லை. ஐயாவின் கணக்குக் கொப்பி என்னிடம் இருந்தது. எல்லா இடப்பெயர்வுக்கும் உறுதிகளோடு சுற்றிக் கொண்டுபோன கொப்பி அது. மூன்று அந்தர் விதை வெங்காயம் என்று ஐயாவின் கையெழுத்தில் இருந்தது. அன்றைய சந்தை விலைக்கு மூன்று அந்தரின் பெறுமதியைக் கணக்குப் பார்த்து ஒரு கடிதவுறையில் கொண்டுபோனேன். நான்கு மடங்கு கொடுக்க எனக்கு வசதி இருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கதவைப் பற்றியும் சொன்னேன். யாருடையது என்று தெரியாது என்றும், இப்போது அதுவும் இல்லை என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முதிரைக் கதவு எண்டா இந்தத் தெருவில நாலஞ்சு வீட்டில இருந்திச்சு தம்பி" என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை. கடிதவுறையை வாங்கி, எண்ணிப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டார். அவர் எண்ணிப் பார்த்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு, "காசை விட எனக்கு வேற ஒரு உதவி வேணும்" என்றார். அவரது காணிக்குக் கிழக்கு எல்லை எங்கே என்பதில் சிக்கல். பக்கத்து வளவு இரண்டு தரம் கைமாறி, புதிய மதில் அவரது நிலத்துக்குள் ஏறி நின்றது. உறுதி எரிந்துபோயிற்று. பிரதி எடுக்க அலைந்துகொண்டிருந்தார். பழைய எல்லையைக் கண்ணால் கண்ட, இங்கேயே இருந்த ஒருவர் சத்தியக்கடதாசி தர வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். தெரிந்த முஸ்லிம்கள் எல்லோரும் அவரைப் போலவே இருபது வருடம் இங்கே இல்லாதவர்கள்.

எனக்கு அந்த எல்லை தெரியும். கிழக்குப் புறம் ஒரு மாதுளை நின்றது, அதற்கு அப்பால் கல் வேலி. சைக்கிளை அந்தக் கல் வேலியில்தான் சாத்தி வைப்பேன். பக்கத்து வளவுக்காரர் இப்போது எனக்குத் தூரத்துச் சொந்தம். விடயம் தெரிந்ததும் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து, "சோனகனுக்காக எங்கடை ஆளுக்கு எதிராய்ப் போறியோ?" என்று கேட்டார். அம்மா அப்போது உயிரோடு இருந்தார். விறாந்தையில் இருந்தபடி, "எல்லை எங்கை எண்டு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சதைத்தான் அவன் எழுதப்போறான்" என்றார்.

சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைத்தேன். மதிலை உடைத்துக் கட்ட நான்கு வருடம் எடுத்தது. காக்கா அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவருடைய பேரன் இப்போது அந்தக் காணியில் கடை வைத்திருக்கிறான். சொந்தக்காரர் என்னோடு இன்னும் பேசுவதில்லை. வசாவிளான் குடும்பத்தை 1996இல் இருந்து தேடுகிறேன், பிள்ளைகளில் ஒருவர் விசுவமடுப் பக்கம் இருந்ததாக ஒருவர் சொன்னார். இவ்விதழ் அங்கும் போகிறது.